பள்ளி நாளில் ஊர்ப் பிரயாணம்



மே மாதம் நெருங்கினால் தேக்காவில் நம் கடைத்தெரு முழுவதும் ஒரே பேச்சுத்தான். "திருச்சிக்கு டிக்கெட் என்ன விலை?" என்பது முதல் கேள்வி. "பிள்ளைகளின் பள்ளிக்கூடம்?" என்பது, யாராவது கேட்டால், இரண்டாம் கேள்வி. அதற்குப் பதில் எப்போதும் ஒன்றே: "பத்து நாள்தானே, சமாளித்துக்கொள்ளலாம்." இந்தப் பதிலை நாமும் சொல்லியிருக்கிறோம், அதன் பலனையும் கண்டிருக்கிறோம். ஆகவே பிறருக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை நமக்கு உண்டு என்று கருதி இதை எழுதவில்லை. மத்ரஸாவில் ஓதியதும், ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை வாசித்ததுமே நமது படிப்பு. நம்மைப் போன்ற வியாபாரிகள் கூடி யோசிக்க வேண்டிய விஷயம் என்பதால் எழுதத் துணிந்தோம்.

முதலில் ஊருக்குப் போகிறவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுவது முறை. சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை மார்ச்சில் 1 வாரம், ஜூனில் 4 வாரம், செப்டம்பரில் 1 வாரம், ஆண்டு முடிவில் ஏறக்குறைய 6 வாரம். ஆக 12 வாரம் இருக்கிறதே, போதாதா என்று கேட்கலாம். கணக்கில் போதும், ஊர் நடப்பில்தான் இடிக்கிறது. தமிழ்நாட்டில் பெரிய லீவு மே மாதத்தில் வருகிறது. ஜூன் பிறந்தால் அங்கே பள்ளிக்கூடம் திறந்துவிடுகிறார்கள். நம் பிள்ளைகள் ஜூனில் போய் இறங்கும் நேரத்தில் மாமன் பிள்ளைகளும் சாச்சா பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் புறப்படுகிறார்கள். கல்யாணங்களையும் அந்த லீவை ஒட்டியே மே மாதத்தில் வைக்கிறார்கள். ஆண்டு முடிவில் போகலாமென்றால் நாகப்பட்டினம் கரையோரம் மழைக்காலம். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலை அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. இதற்கெல்லாம் மேலே டிக்கெட் விலை. விடுமுறை தொடங்கும் அன்றைக்கும் அதற்கு இரண்டு வாரம் முந்திய நாளுக்கும் உள்ள வித்தியாசம், ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு மாதக் கடை வாடகையில் நல்ல பங்கு ஆகிவிடும்.

ஊர் பார்ப்பது வீண் என்றும் நாம் சொல்லமாட்டோம். இங்கே வீட்டிலும் இங்கிலீஷ் பேசும் பிள்ளை, அங்கே பத்து நாள் திண்ணையில் உட்கார்ந்து எழுந்தால் தமிழ் தானாக நாவில் வருகிறது.

இவ்வளவு நியாயமும் இருக்க, தவறு எங்கே என்று நாம் நெடுநாள் யோசித்தோம். நமக்குப் புலப்பட்டது, ஓதப்பள்ளிக்கும் இந்நாட்டுப் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள வித்தியாசம். ஓதப்பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி சபக். ஒருவன் அலிஃப் பே ஓதுவான், பக்கத்தில் இருப்பவன் ஐந்தாவது ஜுஸ்வில் இருப்பான். நாம் பத்து நாள் கழித்துப் போனாலும், "எங்கே விட்டாய்?" என்று ஹஜ்ரத் கேட்டு, விட்ட இடத்தில் விரலை வைத்துத் தொடங்குவார். நாள் தள்ளிப்போகுமே ஒழிய பாடம் தப்பாது. நம் பெரியவர்கள் பிள்ளைகளை இஷ்டம்போல் அழைத்துப்போன பழக்கம் அந்த முறையைப் பார்த்து வந்ததாக இருக்கலாம். பள்ளிக்கூடத்து வகுப்பு அப்படியல்ல. முப்பது, நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரே வண்டியாகப் போகிறது. இறங்கினவனுக்காக நிற்பதில்லை.

இதை நாம் கேள்வியால் சொல்லவில்லை. ஊரில் நாலாம் வகுப்பில் வாத்தியார் பின்னக் கணக்குத் தொடங்கிய வாரம், நம் பெரியம்மா வீட்டுக் கல்யாணம் வந்தது. அத்தா 15 நாள் அழைத்துப் போனார்கள். பிரியாணி தின்றோம், குளத்தில் விழுந்து குளித்தோம், மெத்தச் சந்தோஷம். திரும்பி வந்தபோது கரும்பலகையில் தசமம் இருந்தது. அன்று விட்டது விட்டதுதான். மூன்றில் ஒரு பங்கையும் நாலில் ஒரு பங்கையும் கூட்டு என்று இப்போது சொன்னாலும், நாம் கணக்குப் பொறியைத்தான் தேடுவோம். இங்குள்ள பாடத்திட்டத்தில் பின்னம் கீழ்வகுப்பிலேயே தொடங்கி, ஆண்டுதோறும் கொஞ்சம் வளர்ந்து, மேல் வகுப்பில் சதவீதம், விகிதம் என்று போகிறது. லாபம் பார்ப்பதும் தள்ளுபடி கொடுப்பதும் அந்தச் சதவீதத்தில்தானே!

"இப்போது அரையாண்டுப் பரீட்சையே இல்லையே" என்று ஒரு நண்பர் வாதித்தார். மெய்தான், 2023 முதல் தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி இரண்டிலும் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் தொடக்கநிலை மூன்று முதல், பருவத்துக்குள் சிறு சிறு மதிப்பீடுகள் வைத்து மதிப்பெண்ணில் சேர்க்கிறார்கள். முன்பு பரீட்சை எந்த வாரம் என்பது ஊரறிந்த செய்தி. இப்போது வகுப்புக்கு வகுப்பு வேறுபடும். பரீட்சை குறைந்ததால் லீவு எடுப்பது சுலபமாயிற்று என்று நினைப்பவர், பிள்ளை கொண்டுவரும் அட்டவணைத் தாளை ஒரு தரம் வாசித்துப் பார்க்கட்டும். தொடக்கநிலை ஆறில் இருக்கும் பிள்ளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாய்மொழித் தேர்வு ஆகஸ்டிலேயே வந்துவிடுகிறது.

சட்டத்தைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். கட்டாயக் கல்விச் சட்டம் சிங்கப்பூரில் 2003 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. 6 வயதைக் கடந்து 15 வயது நிரம்பாத குடிமக்கள் பிள்ளைகள் தொடக்கப் பள்ளிக்கு ஒழுங்காகப் போகவேண்டும். மீறும் பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. மலேசியாவிலும் அதே 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். பத்து நாள் ஊர் போனதற்காக ஜெயிலில் போடுவார்கள் என்று பயங்காட்ட நாம் வரவில்லை. பள்ளிக்கே அனுப்பாதவருக்காக ஏற்பட்டது அச்சட்டம். இங்கிலாந்தில்தான் கெடுபிடி. அங்கே பாடநாளில் உல்லாசப் பயணம் அழைத்துப் போன ஒரு தகப்பனார் 60 பவுண்டு அபராதத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய், 2017ல் தோற்றார். 2024 ஆகஸ்டு முதல் அந்த அபராதம் 80 பவுண்டு. இங்கே அப்படி உடனுக்குடன் சீட்டுக் கிழிப்பதில்லை. அதனால் நமக்கு வேறொரு கெட்ட வழி சுலபமாகிவிட்டது. அதுதான் பொய்க் கடிதம்.

சில ஆண்டுகளுக்கு முன் மே மாதம், நம் மச்சான் கல்யாணம். மகள் அப்போது தொடக்கநிலை நான்கு. வகுப்பு ஆசிரியைக்கு நாம் எழுதிக் கொடுத்த காரணம், "ஊரில் பாட்டியாருக்கு உடல்நிலை மோசம்." மாமியாரோ கல்யாண வீட்டில் நாலு பேரை வேலை வாங்கிக்கொண்டு திடமாக நின்றார்கள். எட்டுப் பள்ளி நாள் கழித்துத் திரும்பினோம். ஆசிரியை நல்ல மனுஷி. வகுப்பு முடிந்ததும் மகளைத் தனியே அழைத்து, "பாட்டி இப்போது எப்படி இருக்கிறார்கள்?" என்று அன்பாகக் கேட்டிருக்கிறார். பிள்ளையின் இரண்டு கையிலும் முழங்கை வரை மருதாணி! கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சுகமாகிவிட்டது" என்று சொல்லியிருக்கிறாள். அன்று இரவு சாப்பிடும்போது இதை அவளே சொன்னாள். எரிச்சலாகச் சொல்லவில்லை. "நான் சரியாகச் சொன்னேனா அத்தா?" என்று கேட்டாள். நமக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வருஷம் மாமியார் மெய்யாகவே விழுந்துவிட்டார்கள். இரவோடிரவாகப் புறப்பட வேண்டியிருந்தது. மேஜையில் உட்கார்ந்து பள்ளிக்கு அதே காரணத்தை எழுதிக்கொண்டிருந்தோம். மகள் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டு, "அத்தா, இது நிஜமா?" என்றாள்.

அதற்குப் பின் நம் வீட்டில் செய்துவரும் ஏற்பாட்டைச் சொல்கிறோம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டுக்கான பள்ளி விடுமுறைத் தேதிகளைக் கல்வி அமைச்சு முந்தின ஆண்டே வெளியிட்டுவிடுகிறது. வந்த கையோடு அதைப் படம் பிடித்து ஊரில் மச்சான்மார் எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறோம். டிசம்பர் கடைசி வாரம் தமிழ்நாட்டிலும் அரையாண்டு விடுமுறை. இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஓய்வுள்ள நாட்கள் அவை. அந்த நாட்களைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டே அனுப்புவது.

நாகூர்க் கந்தூரிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் கொடியேற்றமும் சந்தனக்கூடும் நமது ஆண்டு முடிவு விடுமுறையை ஒட்டியே விழுந்ததால் யாருக்கும் சிரமம் தெரியவில்லை. ஹிஜ்ரி ஆண்டு சுமார் 11 நாள் குறைவு. ஆகவே ஜமாதுல் ஆகிர் பிறை ஒவ்வொரு வருஷமும் முன்னால் வந்து, இனிப் பல ஆண்டுகள் பாட நாட்களில்தான் விழும். கந்தூரிக்குப் போகலாமா கூடாதா என்ற பழைய வழக்கை இங்கே நாம் அவிழ்க்கவில்லை. போகிறவர் பிள்ளைகளை என்ன செய்வது என்பதை இப்போதே பேசி வைக்கட்டும்.

தவிர்க்க முடியாத பயணமானால், புறப்படுவதற்கு முன்பே பள்ளிக்குப் போய், கல்யாணம் என்றால் கல்யாணம் என்றே சொல்லுகிறோம். முகம் சுளித்தால் கேட்டுக்கொள்ளுகிறோம். விட்டுப்போகும் பாடங்களின் பெயரை எழுதி வாங்கி, புத்தகத்தையும் பெட்டியில் வைக்கிறோம். (ஊரில் அதைத் திறந்தது பாதி நாள்தான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.)

அடுத்த வருஷம் மூத்த மச்சானின் மகளுக்கு நிக்காஹ் பேசியிருக்கிறார்கள். சிவப்புக் கோடு போட்ட படத்தை அனுப்பினோம். "மாப்பிள்ளை வீட்டார் மே என்கிறார்கள் மச்சான், கேட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. டிசம்பர் என்றானால் ஐந்து பேரும் போவோம். மே என்றே முடிந்தால் பிள்ளைகளுடன் இங்கே தங்கப் போவது யார் என்பதில், நமக்கும் நம் சம்சாரத்துக்கும் இப்போதே வழக்கு நடக்கிறது.