ஓராண்டுப் பிரிவு: ஆஸ்திரேலியாவின் வேலை விடுமுறை விசாவைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

முன்னுரை

தலைமகன் தன் இல்லத்தை விட்டுப் பிரிவதற்குரிய காரணங்களை நம் இலக்கண நூலார் வகைப்படுத்தி வைத்துள்ளனர். ஓதற்குப் பிரிதல், பகைமேற் செல்லுதல், தூதாகச் செல்லுதல், பொருள் தேடச் செல்லுதல் என்பன அவற்றுட் சில. ஒவ்வொன்றிற்கும் ஒரு நோக்கமுண்டு. கால எல்லையும் உண்டு. சென்றவன் குறித்த பருவத்தில் மீளவேண்டும். மீளாவிடின் இல்லிலிருப்போர் வருந்துவர். வகுப்பில் இப்பகுதியைப் பயின்றுகொண்டிருந்த நாட்களில், எம் விடுதித் தோழர் சிலர் புதியதொரு பிரிவைப் பற்றி நள்ளிரவு வரை பேசக் கேட்டேன். வெளிநாட்டில் ஓராண்டு தங்கி, ஊர்களைச் சுற்றிப் பார்த்து, இடையிடையே கூலிக்கு உழைத்துச் செலவை ஈடுசெய்துகொண்டு, பின் வீடு திரும்புதலே அப்பிரிவு.

இதனை எவ்வகையில் அடக்குவது? பொருளீட்டல் இதன் முதல் நோக்கமன்று. ஆகலின் பொருள்வயிற் பிரிவு எனல் பொருந்தாது. படிப்பு இதில் நான்கு திங்களுக்கே இடம்பெறும். ஆகலின் ஓதற்பிரிவும் அன்று. இரண்டிற்கும் இடைப்பட்ட இதன் இயல்பை அறியாது பலர் பெருநம்பிக்கை கொள்கின்றனர். சிலர் பெருங்கடனும் கொள்கின்றனர். ஆகவே இதன் வரலாறு, தகுதி, முறை, பயன் ஆகியவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

1. பெயரும் பிறப்பும்

விசா என்னுஞ் சொல் இலத்தீன் மொழியினின்று வந்தது. 'பார்க்கப்பட்டது' என்பது அதன் பொருள். அதிகாரி பார்த்து ஒப்பிய தாள் என்பது கருத்து. ஆஸ்திரேலிய அரசாங்கம் வேலை விடுமுறைத் திட்டத்தை 1975-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. முதலில் பிரிட்டன், அயர்லாந்து, கனடா ஆகிய மூன்று நாட்டு இளைஞர்க்கே அது கிடைத்தது. ஒரு நாட்டு இளைஞர் மற்றொரு நாட்டில் வாழ்ந்து பழகி நட்பு வளர்க்கவேண்டும் என்பதே அக்காலத்து எண்ணம். பின்னர் நாடுகள் பல சேர்ந்தன.

இன்று அத்திட்டம் இரு கிளையாக நிற்கின்றது. ஒன்று 417 என்னும் எண்ணுடையது; அதன் பெயர் 'வேலை விடுமுறை'. மற்றொன்று 462 என்னும் எண்ணுடையது. அதன் பெயர் 'வேலையும் விடுமுறையும்'. இலக்கணம் பயில்வோர்க்கு இவ்வேறுபாடு சுவை தரும். முன்னதில் விடுமுறையே தலைமைச் சொல். வேலை அதற்கு அடையாய் நிற்கின்றது. பின்னதில் எண்ணும்மை வந்து இரண்டையும் சமமாக நிறுத்துகின்றது. ஓர் 'உம்'மின் அளவே வேறுபாடெனினும், நம்மவர் செல்லக்கூடிய வழி அவ்வும்மையுடைய 462-ஆம் எண் விசாவே.

இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் 2022 ஏப்ரல் 2-ஆம் நாள் ஒரு பொருளாதார உடன்படிக்கையிற் கையொப்பமிட்டன. அது 2022 டிசம்பர் 29 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பயனாக 2024 செப்டம்பர் 16 முதல் இந்தியர்க்கும் இவ்விசாவின் கதவு திறந்தது. ஆயின் ஆண்டொன்றுக்கு 1,000 பேருக்கு மட்டுமே இடமுண்டு. இந்தியாவின் இளைஞர் தொகையை எண்ணுங்கால், இது ஊசிக் காதினும் சிறிய வாயில் என்று சொல்லவேண்டுவதில்லை.

2. தகுதி

விண்ணப்பிப்போர் 18 வயது நிரம்பியவராகவும், 31-ஆம் வயதை எட்டாதவராகவும் இருத்தல் வேண்டும். பள்ளிப்படிப்பிற்குப்பின் குறைந்தது இரண்டாண்டு உயர்கல்வி முடித்திருத்தல் வேண்டும். அன்றாடச் செயலுக்குப் போதுமான ஆங்கில அறிவும், உடல்நலமும், நன்னடத்தையும் வேண்டும். தம்மைச் சார்ந்த பிள்ளைகளை உடன்கொண்டு செல்லுதல் கூடாது.

இவற்றோடு, சென்று இறங்கிய தொடக்கத்திற் செலவுக்கென ஏறக்குறைய 5,000 ஆஸ்திரேலிய டாலரும், திரும்பி வருவதற்கான பயணச்செலவும் கையிலிருப்பதைக் காட்டல் வேண்டும். நம் நாணயத்தில் முன்னதே ஏறத்தாழ மூன்று இலக்கம் ரூபாயாம். இந்நிபந்தனை ஏழைகளை விலக்குதற்கென அமைந்ததன்று. வேலை கிடைக்காத வாரங்களில் ஒருவன் பட்டினி கிடவாமலும், எந்தக் கூலிக்கும் இணங்காமலும் இருத்தற்கு வேண்டிய காப்புப்பொருள் அது. இக்கருத்தை நினைவிற்கொள்க, பின்னர் இது பெரிதும் பயன்படும்.

3. விண்ணப்பஞ் செய்யும் முறை

இடம் குறைவாகவும் விரும்புவோர் மிகுதியாகவும் இருத்தலின், இந்தியா, சீனா, வியட்நாம் ஆகிய மூன்று நாட்டினர்க்கும் குலுக்கல் முறை ஏற்பட்டுள்ளது. இது இரண்டு படிகளையுடையது.

முதற்படி, பெயர் பதிதல். அரசாங்கத்தின் இணையத்தளத்தில் ஒருவர் தமக்கெனக் கணக்குத் தொடங்கி, கடவுச்சீட்டின் விவரங்களையும் பான் அட்டையின் எண்ணையும் கொடுத்துப் பதிதல் வேண்டும். இதற்கான கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். ஓராண்டுக் குலுக்கலில் ஒருவர் ஒருமுறையே பதியலாம். இந்தியர்க்கான முதற் குலுக்கற் பதிவு 2024 அக்டோபர் மாதத்தில் நடைபெற்றது.

இரண்டாம் படி, விசாவுக்கு விண்ணப்பித்தல். கணினி எவ்வித முறையுமின்றிப் பெயர்களைத் தெரிந்தெடுக்கின்றது. தெரிந்தெடுக்கப்பட்டவர்க்கு மின்னஞ்சல் வரும். அன்றுமுதல் 28 நாட்களுக்குள் உரிய கட்டணத்தையும் சான்றுகளையும் சேர்த்து முழு விண்ணப்பம் அனுப்பல் வேண்டும். எனவே தெரிந்தெடுக்கப்பட்டது விசா கிடைத்ததாகாது. விண்ணப்பிக்கும் உரிமை கிடைத்ததேயாம். முதல் விசாவிற்கு விண்ணப்பிக்கும்போது ஆஸ்திரேலியாவிற்கு வெளியே இருத்தல் வேண்டும். விசா கிடைத்தபின் 12 திங்களுக்குள் அந்நாட்டில் நுழையலாம். நுழைந்த நாள்முதல் 12 திங்கள் தங்கலாம்.

பொய்ச்சான்று காட்டுவார் நிலை யாது? விண்ணப்பம் மறுக்கப்படுவதோடு, மூன்றாண்டுக் காலம் வேறு விசாக்களும் கிடைப்பது அரிதாகும். பிறர் பணத்தைச் சில நாள் தம் கணக்கிலிட்டுக் காட்டி எடுத்துவிடலாமென்று எண்ணுவோர் இதனை நன்கு சிந்தித்தல் நலம்.

4. உழைப்பும் உரிமையும்

இவ்விசாவின் சிறப்பு யாதென வினவின், அது ஒருவனை ஒரு முதலாளியோடு பிணைப்பதில்லை என்பதே. வேலைக்கென வழங்கப்படும் வேறு விசாக்கள் பலவற்றில், அழைத்த முதலாளியை விட்டு நீங்கினால் நாட்டில் தங்கும் உரிமையே ஆட்டங்காணும். இதில் அங்ஙனமன்று. ஒரே முதலாளியிடம் 6 திங்களுக்கு மேற் பணிசெய்யலாகாது என்பதே பொதுவிதி. இன்று உணவு விடுதியிற் பாத்திரங் கழுவியவன் நாளை திராட்சைத் தோட்டத்திற் பறிப்பாளனாகலாம். முதலாளி கொடியவனாயின் மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்படலாம். விட்டு நீங்கும் இவ்வுரிமையே இவ்விசாவின் உயிர் எனலாம்.

இவ்வுரிமைக்குத் தளையாய் வந்தது மற்றொரு விதி. தோட்டங்களிற் காய்கனிகள் ஒருங்கே பழுக்கின்றன; பறிப்பதற்கு உள்ளூரில் ஆள் போதவில்லை. குவீன்ஸ்லாந்தில் போவன் நகர்ப் பக்கத்து மாம்பழமும், விக்டோரியாவில் ஷெப்பர்ட்டன் நகர்ப் பக்கத்துப் பேரிக்காயும் ஆள் வரும்வரை காத்திரா. இக்குறையை நீக்க, நாட்டுப்புறத்தில் மூன்று திங்கள் குறித்த வேலைகளைச் செய்தவர்க்கு இரண்டாவது ஆண்டும் தங்க இடந்தரும் விதி 2005 நவம்பரில் 417 விசாவிற்கு வந்தது. 2016-இல் 462 விசாவிற்கும் வந்தது. இரண்டாவது ஆண்டில் ஆறு திங்கள் அவ்வேலை செய்தவர்க்கு மூன்றாவது ஆண்டு, 2019 சூலை முதல் கிடைக்கின்றது.

மூன்று திங்கள் என்பதை 88 நாள் என்று அங்குள்ள இளைஞர் வழங்குவர். அந்நாட்களுக்கு முதலாளி தரும் ஊதியச்சீட்டே முதன்மையான சான்று. ஆகவே 80-ஆம் நாளிற் கூலி குறைக்கப்பட்டாலும், எஞ்சிய நாட்களை எண்ணிப் பலர் வாய் திறவார். விட்டு நீங்கும் உரிமை தாளில் உண்டு, மனத்தில் இல்லை.

இதில் ஒரு சமனின்மையும் உண்டு. பிரிட்டிஷ் கடவுச்சீட்டு உடையவர்க்கு 2024 சூலை 1 முதல் இவ்வேலை நிபந்தனை நீக்கப்பட்டுவிட்டது. ஒரே மரத்தடியிற் பறிக்கும் இருவருள், ஒருவன் விரும்பியபோது போகலாம். மற்றவன் நாளெண்ணி நிற்கவேண்டும்.

5. ஊதியமும் வரியும்

ஆஸ்திரேலியாவிற் சட்டப்படியான குறைந்த கூலி விசாக்காரர்க்கும் உரியது. ஆயினும் சட்டம் ஏட்டிலும் வழக்கம் வேறிடத்திலும் இருப்பதுண்டு. அறுவடைத் தொழிலைப் பற்றி அரசாங்கத் தொழில் கண்காணிப்பாளர் 2018-இல் வெளியிட்ட அறிக்கையில், ஆராயப்பட்ட 638 தொழிலகங்களுட் பாதிக்கு மேற்பட்டவை விதி மீறியவை எனக் கண்டனர். பறித்த கூடையின் எண்ணிக்கைக்கே கூலி என்னும் வழக்கத்தால், பழகாதவர் நாள் முழுதும் உழைத்தும் வயிற்றுக்குப் போதாத கூலி பெற்றனர். இதற்கு மாற்றாக, எத்தனை கூடை பறித்தாலும் மணிக்கு இவ்வளவு குறையாமற் கொடுத்தல் வேண்டும் என்னும் விதி 2022 ஏப்ரல் 28 முதல் நடைமுறைக்கு வந்தது.

வரியோ முதல் டாலரிலிருந்தே 15 விழுக்காடாம். இது 2017 சனவரி 1 முதல் உள்ள ஏற்பாடு. முதலாளி சேர்த்துவைக்கும் ஓய்வுகால நிதியை நாட்டைவிட்டு நீங்குங்கால் திரும்பப் பெறலாமெனினும், அதில் 65 விழுக்காடு வரியாகக் கழியும். எனவே செல்வம் குவித்து மீள்வோம் என்று புறப்படுவோர் தம் கணக்கை மறுமுறை பார்த்துக்கொள்க.

தங்குமிடத்தையும் ஆராய்ந்து கொள்ளல் வேண்டும். 2000 சூன் 23 அன்று குவீன்ஸ்லாந்தைச் சேர்ந்த சில்டர்ஸ் என்னும் சிற்றூரில் பயணிகள் விடுதியொன்று தீக்கொளுத்தப்பட்டு, 15 இளைஞர் மாண்டனர். அவ்விடுதி பழமும் காய்கறியும் பறிக்க வந்த இளைஞர் தங்கும் இடமாயிருந்தது. குறைந்த வாடகை ஒன்றையே நோக்கி அறை தேடலாகாது என்பதற்கு இது மறக்கலாகாத சான்று.

6. கடன் கொண்டு செல்லலாமா?

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியைக் கூறுவேன். எங்கள் ஊரில் பட்டம் பெற்ற அண்ணன் ஒருவர் இவ்விசாவில் ஆசை கொண்டார். பக்கத்து நகரத்துத் தரகர் ஒருவர், "குலுக்கலில் உங்கள் பெயர் விழும்படி செய்து தருகிறேன்" என்று சொல்லி அறுபதாயிரம் ரூபாய் கேட்டார். அண்ணன் தம் தாயாரின் சங்கிலியை அடகு வைக்க எண்ணினார். அவ்வம்மையார் எழுத்தறியார், ஆயினும் தெருப் பெண்களைச் சேர்த்துப் பல்லாண்டு சீட்டு நடத்தியவர். அவர் கேட்டது ஒன்றே: "சீட்டுக் குலுக்கிறவனுக்கே முன்கூட்டித் தெரியாத பெயர், இந்த ஆளுக்கு எப்படியப்பா தெரியும்?"

அண்ணனிடம் விடையில்லை. எனினும் ஆசை அறிவை மறைத்தது. சங்கிலி அடகுக்குப் போயிற்று, அவர் பெயர் விழவில்லை, பணமும் மீளவில்லை. கட்டணம் 25 டாலர்தான் என்பதும், பெயரைத் தாமே பதியலாம் என்பதும் பின்னரே அவர்க்குத் தெரிந்தன.

ஒருவேளை பெயர் விழுந்திருந்தால் நலமாய் இருந்திருக்குமோ என யான் பலநாள் எண்ணிப் பார்த்தேன். அப்போதும் நலமாயிராது என்பதே என் துணிபு. வட்டிக்கு வாங்கிய பணத்தோடு கடல் கடந்தவன், கூலி குறைத்துக் கொடுக்கும் முதலாளியை விட்டு எங்ஙனம் நீங்குவான்? மாதந்தோறும் வட்டி நினைவு அவன் காலைப் பிணிக்கும். 5,000 டாலர் காப்புப்பொருளாய் இருக்கவேண்டிய இடத்திற் கடனாய் நின்றால், காவலே சிறையாகிவிடும். விட்டு நீங்கும் உரிமையே இவ்விசாவின் உயிர் என்றோம். கடன் அவ்வுயிரைப் போக்கிவிடுகின்றது.

முடிவுரை

நண்பர்காள்! இதனால் இவ்வழியே தீது என்று யான் கூறவில்லை. சேமித்த பணம் உடையவர்க்கும், ஓராண்டின்பின் வந்து தொடர்வதற்கு ஒரு தொழிலோ படிப்போ உடையவர்க்கும் இஃது அரிய வாய்ப்பு. வேற்று நாட்டில் தம் கையால் உழைத்து உண்பதும், பல நாட்டு இளைஞரோடு ஒரே அடுக்களையிற் சமைப்பதும், உழவரின் நோவைத் தோளால் அறிவதும் எந்த நூலும் தராத கல்வியாம். ஆயின் குடியேறுதற்கோ, கடன் தீர்த்தற்கோ உரிய வழி இதுவன்று. விரும்புவோர் தாமே விதிகளைப் படித்துத் தாமே பெயர் பதிக, தரகரை நாடற்க, கடன்பட்டுப் புறப்படற்க.

பண்டைத் தலைமகன் மீளும் பருவத்தைச் சொல்லிப் பிரிந்தான். இவ்விசாவும் மீளும் நாளை எழுதியே தருகின்றது. அந்நாளில் மகிழ்ச்சியோடு மீளக்கூடியவன் எவனோ, அவனே புறப்படத் தக்கவன்.