மகரக்கண்ணனின் தாய்

ஆமத்தூர்

அன்புள்ள தம்பிக்கு,

சென்ற பங்குனிப் பொங்கலன்று எங்கள் ஊரில் நீ வில்லடித்துச் சொன்ன யுத்த காண்டக் கதையை, விடியும் மட்டும் திண்ணைத் தூணில் சாய்ந்தபடி கேட்டிருந்தேன். சாரீரத்திலோ தாளத்திலோ குறை சொல்ல ஒன்றுமில்லை. கும்பகருணனுக்கு நீ கொடுத்த கம்பீரத்தை மனமாரப் புகழ்கிறேன். ஆனால் மகரக்கண்ணனை, 'வந்தான், மாண்டான்' என்று வீசுகோலின் இரண்டு அடியில் தள்ளிவிட்டுக் குடக்காரரைப் பார்த்துச் சிரித்தாயே, அவ்விடம் எனக்கு ஒப்பவில்லை.

அவன் யாரென்று கம்பரிடம் போய்க் கேள். ஆரணிய காண்டத்தில் இராமன் கையால் மடிந்த கரனுடைய புதல்வன். இராவணன் முன் நின்று போருக்கு விடை கேட்கையில், வீட்டில் அழுத கண்ணோடிருக்கும் தாயைப் பற்றிச் சொல்கிறான். மங்கலக் கோலத்தைக் களையாமல், கணவனைக் கொன்றவன் தலையே பாத்திரமாக வந்தாலன்றிக் கருமக் கடனைக் கழியேன் என்று அவள் பிடிவாதமாக இருக்கிறாளாம். எண்ணிறந்த அரக்கருள் ஒருவனாக இருந்தவன், அந்த ஒரே பாட்டில் ஒரு வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறான். அவன் விழும்போது நம் மனம் போர்க்களத்தில் நிற்பதில்லை, அந்த வீட்டு வாசலுக்கு ஓடுகிறது.

கி.மு. 19-இல் காலமான ரோமாபுரி மகாகவி வர்ஜிலும் இவ்வித்தை அறிந்தவர். ஈனியட் காவியத்தின் 12-ஆம் காண்டத்தில், நாயகர் இருவரும் எதிர்ப்படப்போகிற அவசரத்திலும், மெனோயித்தீஸ் என்ற வாலிபனுக்காக நான்கு வரி நிற்கிறார்: லெர்னா ஆற்றோரம் மீன்பிடித்துப் பிழைத்தவன், யுத்தத்தை வெறுத்தவன், பெரிய மனிதர் தயவு அறியாத ஏழை, அவன் தகப்பன் விதைத்ததோ குத்தகை நிலத்தில். எந்த ஆயுதம், உடலில் எங்கே பாய்ந்தது என்பதற்கு ஒரு சொல் இல்லை. குத்தகை நிலத்துக்கு இடம் இருந்தது. கரிசலில் குத்தகைக்கு உழுதவர் பேரனாகிய உனக்கு இதை நான் விரிக்க வேண்டுமா?

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, பத்திரிகைகள் தொகையைப் போட்டன. நம் பக்கத்தில் ஒப்பாரி வைக்கிறவள் தொகையா சொல்வாள்? எத்தனை தேய்த்தாலும் நகக்கண்ணில் அலுமினியப் பொடி போகாத கையால் சோறு பிசைந்தவனைச் சொல்வாள்.

அதற்காக ஒவ்வோர் அரக்கனுக்கும் ஒரு தாயைக் கூட்டிவந்து அழவிடாதே. நடுநிசிக்குள் சபை குறட்டை விடும். கிங்கரரைக் கம்பரே கூட்டமாகத்தான் சாகவிட்டார். ஓர் இரவுக்கு ஒருவன் போதும். அவனுக்கும் ஒரு செய்திக்கு மேல் வேண்டாம்.

அடுத்த முறை மகரக்கண்ணன் வரும்போது வீசுகோலை மடியில் வைத்துவிடு. குடமும் தாளமும் ஓயட்டும், உடுக்கை மட்டும் மெல்லப் பேசட்டும். தாயின் வார்த்தையைப் பாடாமல், பேச்சாகவே சொல். பின்பாட்டுக்காரர் பழக்கத்தால் 'ஆமா' போட வாயெடுப்பார், கையமர்த்து.