டயட்டீசியனை நேரில் பார்ப்பதா, போனில் கேட்பதா?



மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கு, சாப்பாட்டை மாத்தணும். டயட்டீசியனைப் பாத்துட்டு வாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். டயட்டீசியன் என்பவர் உணவியல் படித்தவர். யாருக்கு எந்த உணவு, எவ்வளவு, எந்த வேளையில் என்று கணக்குப் பார்த்துச் சொல்பவர். அவர் இருப்பதோ பெரிய ஆஸ்பத்திரியில். இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு நாள் கூலியும் போய்விடும். அன்று இரவு வீட்டில் பேச்சு கிளம்புகிறது.

"என்னங்க, இந்த வயித்தோட ரெண்டு பஸ் ஏறி எறங்கணுமா? இப்பத்தான் எல்லாரும் செல்போன்லயே முகம் பாத்துப் பேசுறாங்களே, அப்படிக் கேட்டுக்கக் கூடாதா?"

"போன்ல பேசி என்ன தெரியப் போவுது? நேர்ல போனாத்தான் எனக்கு நம்பிக்கை."

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எதற்கு நேரில் போக வேண்டும், எதற்குப் போன் போதும் என்று தெரிந்துகொண்டால் வீண் அலைச்சலும் இல்லை, வீண் பயமும் இல்லை.

முதல் தடவை நேரில் போய்விடுங்கள். உடம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டிய காரியங்களைப் போன் செய்யாது. எடை, உயரம், இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். காலை விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். இரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று தெரிய வேண்டும். கர்ப்பிணிக்கு அது 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. சர்க்கரைச் சோதனையும் அப்படித்தான். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, 2 மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று பொருள். குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், மறுநாள் திரும்பச் செய்வார்கள். இந்த எண்களெல்லாம் கையில் இல்லாமல் போனில் யார் ஆலோசனை சொன்னாலும் அது குத்துமதிப்புதான்.

நேரில் போவதில் இன்னொரு நன்மை உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. வீட்டில் போனை வைத்துக்கொண்டு பேசும்போது மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். "நல்லா சாப்பிடுறியாம்மா?" என்று கேட்டால் மருமகள் "சாப்பிடுறேங்க" என்றுதான் சொல்வாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சிய சோற்றையும் ரசத்தையும்தான் அவள் சாப்பிடுகிறாள் என்பது எப்படி வெளியே வரும்? சில பெண்கள் அடுப்புச் சாம்பலையோ மண்ணையோ பச்சரிசியையோ அள்ளித் தின்கிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இரத்தசோகை உள்ளவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. ஆனால் சொன்னால்தானே தெரியும்? கதவைச் சாத்திய அறையில் தனியாகக் கேட்டால் சொல்லிவிடுவாள். கணவன்மார்களே, அந்த ஐந்து நிமிடம் நீங்களும் வெளியே நில்லுங்கள்.

முதல் தடவை முடிந்தது. சாப்பாட்டு முறை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அடுத்தடுத்த விசாரிப்புகளுக்குப் போன் நல்ல வழி. சில விஷயத்தில் நேரில் பார்ப்பதைவிடவும் மேல்.

காரணம் கரண்டி. "மூணு கரண்டி சோறு" என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். உங்கள் வீட்டுக் கரண்டி எத்தனை பெரியது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு வீட்டில் கரண்டி கைக்குள் அடங்கும். இன்னொரு வீட்டில் பந்திக்குப் பரிமாறுகிற அளவில் இருக்கும். செல்போனில் முகம் பார்த்துப் பேசும்போது கரண்டியையும், தட்டையும், எண்ணெய்ப் பாத்திரத்தையும் நேராகக் காட்டிவிடலாம். தட்டில் சோறு எவ்வளவு, காய் எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று அவர் பார்த்தே சொல்வார். (முதல் தடவை நேரில் போகும்போதும் பைக்குள் அந்தக் கரண்டியையும் டம்ளரையும் போட்டுக்கொண்டு போங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள்.)

சமைக்கிறவர் மாமியாராக இருந்தால் அவரையும் போன் முன்னால் உட்கார வையுங்கள். "ரெண்டு உயிருக்குச் சேத்து சாப்பிடும்மா" என்று அன்பாகத்தான் அவர் ஒரே வேளையில் குவித்து வைக்கிறார். அளவைக் குறைத்து, மூன்று வேளையோடு நடுவில் சிறிது சிறிதாகத் தருவதுதான் சரி என்று டயட்டீசியன் வாயால் கேட்டால் ஏற்றுக்கொள்வார். மருமகள் சொன்னால் ஏற்பாரா? கேழ்வரகுக் கஞ்சி என்றால் சர்க்கரை ஏறாது என்று நினைப்பவர்கள் உண்டு. நீர்க்கக் காய்ச்சிய எந்தக் கஞ்சியும் சீக்கிரமே சர்க்கரையை ஏற்றும். இதையும் அவரே கேட்டுக்கொள்ளட்டும்.

போனில் பேசுவதற்கும் ஆயத்தம் வேண்டும். முந்தின மூன்று நாள் என்ன சாப்பிட்டோம் என்று, டீயும் முறுக்கும் உட்பட, ஒரு தாளில் எழுதி வையுங்கள். சாப்பிட்டு 2 மணி கழித்துப் பார்த்த சர்க்கரை 120-க்குள் இருக்க வேண்டும். அந்த எண்ணையும் எழுதுங்கள். சாப்பாட்டை மாற்றி இரண்டு வாரம் ஆகியும் அது இறங்கவில்லை என்றால் பேச்சோடு நிற்காமல் டாக்டரிடம் போக வேண்டும், மாத்திரையோ இன்சுலினோ தேவைப்படும். இன்னொன்று. பதினோரு மணிக்குப் பேச நேரம் குறித்திருப்பார்கள். வீட்டில் இருப்பதே ஒரு போன், அது கணவர் சட்டைப் பையில் வயலுக்குப் போயிருக்கும்! அன்றைக்கு மட்டுமாவது போனைச் சார்ஜ் ஏற்றி வீட்டில் விட்டுப் போங்கள். முடிந்தால் நீங்களும் இருங்கள்.

போனில் பேசுகிறவர் யார் என்று தெரிந்து பேசுங்கள். முதலில் நேரில் பார்த்தவரோ, ஆஸ்பத்திரியில் சொல்லி விட்டவரோதான் பேச வேண்டும். 104-க்குப் போன் செய்து மருத்துவ ஆலோசனை கேட்கலாம். அரசின் இ-சஞ்சீவனி மூலம் 2020-ஆம் ஆண்டு முதல் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசவும் வழி இருக்கிறது. ஆனால் இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கூடக் கேட்காமல், "எங்க பவுடரைச் சாப்பிடுங்க, சர்க்கரை அடியோட போயிடும், பணத்தை முதல்ல அனுப்புங்க" என்பவர் ஆலோசனை சொல்பவர் அல்ல, வியாபாரி. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னாலும் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

சில நேரத்தில் நேரிலா போனிலா என்ற கேள்வியே கூடாது. கடுந்தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், இரத்தப்போக்கு, வயிற்றில் குழந்தையின் அசைவு குறைதல், குடித்த தண்ணீரும் தங்காத வாந்தி — இவற்றில் ஒன்று கண்டாலும் டயட்டீசியனுக்காகக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இன்சுலின் போடுகிறவருக்குக் கை நடுங்கி வேர்த்தால், நினைவு தெளிவாக இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள்.

குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆனதும் தாய்க்கு மறுபடி சர்க்கரைச் சோதனை உண்டு. பிரசவத்தோடு சர்க்கரை போய்விட்டது என்று பலர் இதற்கு வருவதில்லை. இதுவும் போனில் முடியாது, நேரில்தான் வர வேண்டும். அதே ஆறாவது வாரத்தில் குழந்தைக்குத் தடுப்பூசியும் போட வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொள்ள முடியுமா என்று உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஒரு பஸ் செலவு மிச்சம்.