ஊர் சுற்றினால்தான் ஊர் ஒட்டும்

மன்னார்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது.  

உன் கடிதத்தைப் பெரியம்மாவும் நானும் வாசித்தோம். வஹகோட்டைக்குப் போன பிறகு பிள்ளைகளுக்குப் பொழுது போகவில்லை, ஞாயிறு பூசை முடிந்தால் போனும் கையுமாக அறைக்குள் இருக்கிறார்கள், கடற்கரையும் இல்லை, பழகின சனமும் இல்லை, இரண்டு நாள் லீவு சேர்ந்து வந்தால் மன்னாருக்கு ஓடிவரத்தான் மனம் சொல்கிறது என்று எழுதியிருக்கிறாய். மருமகனின் யோசனையையும் எழுதியிருக்கிறாய்: ஒரு வான் பிடித்து சீகிரியா, தம்புள்ள, கண்டி, நுவரெலியா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு வருவது. இந்த இரண்டும் இப்போதைக்கு வேண்டாம், பிள்ளை. ஏன் வேண்டாம், வேறென்ன செய்யலாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே மூச்சில் பார்த்து முடிப்பது திரும்பிப் போகிறவர்களின் வேலை. நீங்கள் அங்கே குடியிருக்கப் போயிருக்கிறீர்கள். வடமாகாணத்தை விட்டு மத்திய மாகாணத்துக்குப் போன குடும்பம் அந்த ஊரைத் தன் ஊராக்கிக்கொள்ளும் வழிகளில் முதலாவது, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளியே இறங்குவது. ஆகவே என் சொல் இவ்வளவுதான்: கிட்ட இருக்கிற இடத்தில் தொடங்கு, அயலவரையும் சேர்த்துக்கொண்டு போ, ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும்.

முதலில் நீ இருக்கிற ஊரையே பார். கலேவெலவிலிருந்து 6 கிலோமீற்றர் உள்ளே, மாத்தளை வீதியில் ஒரு சின்ன ஊர் என்று நினைக்காதே. 1656 இல் கொழும்பை ஒல்லாந்தர் பிடித்த பிறகு போக்கிடமில்லாமல் கண்டி இராச்சியத்துக்குள் வந்த போர்த்துக்கேயக் கத்தோலிக்கருக்கு இரண்டாம் இராஜசிங்கன் இடம் கொடுத்தான். அவர்களின் வழிவந்தவர்கள் குடியேறின ஊர்களில் ஒன்று உன் வஹகோட்டை. இன்று அவர்களின் பிள்ளைகள் வீட்டில் பேசுவது சிங்களம். வேதத்தை மட்டும் அவர்கள் விடவேயில்லை. முகம் தெரியாத நாட்டுக்குள் வந்து, அந்த மண்ணின் சனமாகவே ஆகிவிட்ட குடும்பங்களின் நடுவில் நீ குடியிருக்கிறாய். அந்த ஊரில் நீ ஒருத்திதான் புதியவள் என்று மனதைப் போட்டு வருத்தாதே.

ஒரு பின்னேரம் பக்கத்து வீட்டு வயதான அம்மாவைக் கூப்பிட்டு, கோயிலைச் சுற்றிக் காட்டச் சொல்லு. அந்தோனியார் கோயிலைப் பற்றி அவரிடம் கேட்டால் இரவு வரைக்கும் கதை இருக்கும். உன் சிங்களம் தட்டுத்தடுமாறட்டும், பரவாயில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கிற மூத்தவன் எடுத்துச் சொல்லுவான். தாய்க்கு மொழிபெயர்க்கிற பிள்ளைக்கு அந்த ஊரில் தனக்கொரு இடம் இருக்கிறது என்ற நினைப்பு வந்துவிடும். யூன் 13 அந்தோனியார் திருநாளை ஒட்டி வருகிற திருவிழாவுக்கு நாடு முழுவதிலிருந்தும் சனம் வரும். அதற்கு முன்னால் கோயில் வளவைத் துப்புரவாக்கும் சிரமதானம் நடந்தால் பிள்ளைகளோடு போய் நில். விளக்குமாற்றோடு வந்து நிற்கிறவளை யாரும் அந்நியமாகப் பார்க்க மாட்டார்கள். பந்தலில் உட்கார்ந்து திருவிழா பார்ப்பவர்களை விட அதற்குக் கூட்டிப் பெருக்கினவர்களுக்குத்தான் அந்த நாள் நினைவில் நிற்கும்.

கடல் இல்லை என்று சின்னவள் அழுகிறாள் என்றாய். அந்தப் பக்கத்துக் கடல் குளம்தான். கலேவெலவுக்கு அப்பால் தேவஹுவ குளம் இருக்கிறது. வெயில் தாழ அதன் கட்டில் நடந்து பாருங்கள். கொக்கும் நீர்க்காகமும் வந்திறங்கும். தோணிக்காரர் திலாப்பியா கொண்டு கரை சேருவார்கள். மீனைத் தொட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அவர்களோடு பேச மொழிகூட வேண்டாம்.

அதற்கு அடுத்தது கலாவெவ. இந்தப் பயணத்தைப் பிள்ளைகளுக்கு ஒரு கதையோடு கொண்டுபோ. அதைக் கட்டியவன் ஐந்தாம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேனன். நம் மன்னாரில் வயலுக்குத் தண்ணீர் தருகிற கட்டுக்கரைக்குளத்தைக் கட்டினவனும் அவனே என்றுதான் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அப்பாவின் ஊர்க் குளமும் இந்த ஊர்க் குளமும் ஒரே அரசன் கட்டியவை என்று சொல்லிப் பார், பிள்ளைகளின் கண் விரியும். கலாவெவவிலிருந்து அநுராதபுரத்துத் திஸ்ஸவெவ வரை 87 கிலோமீற்றர் ஓடுகிற வாய்க்கால், முதல் 17 மைலில் மைலுக்கு ஆறு அங்குலம் அளவில்தான் இறங்குகிறது. இன்றைய கருவி ஒன்றும் இல்லாத காலத்தில் மண்ணை அப்படி அளந்து வெட்டியிருக்கிறார்கள். மூத்தவன் கணக்கில் ஆர்வம் உள்ளவன்; கட்டில் நின்றுகொண்டே அவனிடம் அந்தச் சரிவைக் கணக்குப் போடச் சொல்லு.

மகன் கஸ்ஸப்பன் தகப்பனைச் சிறைப்பிடித்து, ஒளித்து வைத்த செல்வம் எங்கே என்று கேட்டபோது, தாதுசேனன் இந்தக் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் காட்டி, தன் செல்வமெல்லாம் இதுதான் என்று சொன்னதாகச் சூளவம்சம் சொல்கிறது. தகப்பனைக் கொன்ற அந்த மகன்தான் சீகிரியாவைக் கட்டி 477 முதல் 495 வரை ஆண்டான். கலாவெவவை முதலில் பார்த்த பிள்ளை பிறகு சீகிரியாக் குன்றில் ஏறினால், அது வெறும் படியேற்றமாக இருக்காது. அதனால்தான் சீகிரியாவை அவசரப்பட்டுப் பார்க்க வேண்டாம் என்கிறேன். அது எங்கும் போகாது. போகும்போது அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள், உள்ளூர்க்காரருக்கு ரிக்கற் விலை வேறு. விடிய வெள்ளென ஏறி, வெயில் ஏற முன் இறங்கிவிடுங்கள்.

இனி மாத்தளை. நான் அங்கே படிப்பித்த காலத்தில் மாசிமகத்தில் முத்துமாரியம்மன் தேர் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஐந்து தேர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவில் வரும். விடிகிற நேரமே தோட்டங்களிலிருந்து சனம் இறங்கிவிடும். தகப்பன்மாரின் தோளில் பிள்ளைகள், பிள்ளைகளின் கையில் ஐஸ்பழம், தெருவோரம் நெடுகக் கச்சான் கடையும் காப்புக் கடையும். வடம் பிடிக்கிற கைகள் கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கைகள். நாம் வேதக்காரர் என்று தயங்காதே. வேடிக்கை பார்க்க வந்தவளுக்கும் அங்கே மோர் கொடுப்பார்கள்.

அந்தச் சனத்துக்கும் நம் மன்னாருக்கும் ஒரு கடன் இருக்கிறது, மகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த குடும்பங்கள் நம் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து போயின. காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து 2023 யூலை 28 இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் 12 இல் மாத்தளையில் முடிந்தது. உன் பிள்ளைகள் மன்னாரில் பிறந்து மாத்தளை மாவட்டத்தில் வளர்கிறார்கள். அந்தப் பாதையின் இரண்டு முனையும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். தேர் பார்த்துவிட்டு வருகிற வழியில் இதைச் சொல்லு. தோட்டத்துப் பிள்ளைகளைச் சிறுமையாகப் பேசுகிற வாய் நம் வீட்டில் வளரக்கூடாது.

மாத்தளைக்குப் போகிற இன்னொரு நாளில் ரயில் ஏறிக் கண்டி வரை போய்வாருங்கள். 1880 இல் போட்ட பாதை, மாத்தளையோடு முடிகிறது. கையில் காசு குறைவான மாதத்துக்கு ஏற்ற பயணம். தலைமன்னார் ரயிலில் வெட்டவெளியையும் பற்றைக்காட்டையும் பார்த்த பிள்ளைகளுக்கு இது வேறு உலகம். மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் தம்புள்ளப் பக்கம் போனால் நாலந்தா கெடிகே வரும். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கல் கட்டடம். பல்லவர் காலத்துத் திராவிட அமைப்பில் எழுந்த பௌத்த வழிபாட்டிடம். போவதென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடாமல் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் திரும்ப அடுக்கியிருக்கிறார்கள். சிங்களமும் தமிழும் எவ்வளவு காலமாக ஒன்றுக்குள் ஒன்று கலந்து வாழ்கின்றன என்பதைப் பாடப்புத்தகத்தை விட அந்தக் கற்கள் நன்றாகச் சொல்லும்.

தம்புள்ளவில் குகைக்கோயில் பார்த்தபின் பொருளாதார மத்திய நிலையத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போ. உல்லாசப் பயணிகள் போகிற இடமில்லை அது. நுவரெலியா கரட்டும் வடக்கிலிருந்து போகிற வெங்காயமும் அங்கே ஒரே கூரையின் கீழ் இறங்கும். மூட்டை சுமக்கிறவரின் முதுகையும், நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிற விலையையும் பார்த்த பிள்ளை கோப்பையில் மரக்கறியை ஒதுக்கிவைக்க யோசிக்கும்.

ஊரின் கொண்டாட்டங்களில் சேராமல் நின்றுவிடாதே. சித்திரைப் புத்தாண்டில் மைதானத்தில் விளையாட்டுப் போட்டி வைப்பார்கள். கயிறிழுத்தல், முட்டி உடைத்தல், கட்டித் தொங்கவிட்ட பணிஸைக் கை தொடாமல் தின்னுதல், தலையணைச் சண்டை என்று பிள்ளைகளுக்கு நாள் போதாது. பெண்களுக்குத் தேங்காய் துருவலும் கிடுகு பின்னலும் இருக்கும். கிடுகு பின்ன உனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பெயரைக் கொடுத்துவிட்டு இறங்கு. வெசாக்கில் மருமகனும் மூத்தவனும் மூங்கில் கீற்றும் கடதாசியும் வாங்கி, பக்கத்து வீட்டுப் பையன்களோடு கூடு கட்டட்டும். இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிற தன்சலில் வரிசையில் நின்று சாப்பிடுங்கள். நத்தாருக்கு அந்த வீடுகளுக்குப் பலகாரத் தட்டு உன் வீட்டிலிருந்து போகட்டும். நாலு போயாவுக்குப் பிறகு பார், அடுத்த பயணத்துக்கு அவர்களே உன்னைக் கூப்பிடுவார்கள்.

சில விஷயங்களில் மட்டும் கண்டிப்பாய் இரு. கடலில் நீந்திப் பழகினவர்கள் குளத்தையும் ஆற்றையும் லேசாக எடுத்துவிடுவார்கள். குளத்தின் அடியில் சேறு. வாய்க்காலில் மேலே தெரியாத இழுவை. மலையில் மழை பெய்தால் ஆறு சொல்லாமல் ஏறும். ஊர்க்காரர் குளிக்கிற துறையில் அன்றி வேறெங்கும் பிள்ளைகளை இறங்க விடாதே. கலாவெவப் பக்கம் யானைகள் வருகிற இடம், இருட்டுமுன் திரும்பிவிடுங்கள். ரத்தோட்டை வழியாக றிவஸ்டன் மலைக்குப் போனால் காலையிலேயே போங்கள், மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனி வழியை மறைத்துவிடும். மழை நாளில் அட்டை ஏறும், அதற்காகப் பிள்ளைகள் கத்த வேண்டாம், காலைப் பார்த்துப் பார்த்து நடக்கச் சொல்லு. சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போ. புட்டும் கருவாட்டுச் சம்பலும் வாழையிலையில் கட்டினால் மத்தியானம் வரை கெடாது. கொண்டுபோன பிளாஸ்டிக் எதையும் அங்கே விட்டுவராதே.

இவ்வளவும் சொல்கிறபோது உனக்கு ஒரு பயம் வரும்: பிள்ளைகள் இப்படியே அந்த ஊரோடு கரைந்து தமிழை விட்டுவிடுவார்களோ என்று. அதற்கு மருந்து வீட்டுக்குள்ளே இருக்கிறது. பயணம் போய் வந்த இரவு, பார்த்ததைப் பெரியம்மாவுக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லு. எழுத்துப் பிழை பார்க்க நான் இருக்கிறேன். வெளியே சிங்களமும் வீட்டில் தமிழும் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு இந்த நாட்டில் எந்த மாகாணமும் அந்நியமில்லை.

மன்னாருக்கு வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மடுத் திருவிழாவுக்கு வாருங்கள். மற்ற லீவெல்லாம் அங்கேயே கழியட்டும். லீவு தோறும் மூட்டை கட்டுகிற வீட்டில் பிள்ளைகளுக்குக் கூட்டாளிகள் சேர மாட்டார்கள். நாங்கள் வருகிறோம். இந்த யூன் திருவிழாவுக்குப் பெரியம்மாவும் நானும் வஹகோட்டைக்கு வருவதாக முடிவு செய்துவிட்டோம். எங்களை அழைத்துப்போய் இடம் காட்டுகிற பொறுப்பு உனக்கும் மருமகனுக்கும் இல்லை, பிள்ளைகளுக்கு. எந்த இடம் முதலில், எந்த பஸ், யார் வீட்டில் தேத்தண்ணி என்பதையெல்லாம் அவர்களே தீர்மானிக்கட்டும். அதற்குள் அந்த ஊரை அவர்கள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டுக்கொண்டு, நாலு பேரும் வெளியே இறங்குங்கள்.

அன்புடன்,
பெரியப்பா