சிறிய சக்கரமும் மலைப்பாதையும்

வாளையாற்றிலிருந்து பாலக்காட்டிற்குச் செல்லும் சாலை பெரிதும் சமமானது. மூணாற்றிலிருந்து போடிமெட்டு வழியாகப் போடிநாயக்கனூருக்கு இறங்கும் சாலையோ கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது. மடக்கு மிதிவண்டி இவ்விரு பாதைகளிலும் ஒரே தன்மையில் ஓடுமா?

பேருந்திலும் தொடர்வண்டியிலும் எளிதாக எடுத்துச் செல்வதற்காகவே மடக்கு மிதிவண்டியின் சக்கரங்கள் சிறியனவாக அமைக்கப்படுகின்றன. அவை பெரும்பாலும் 16 அல்லது 20 அங்குல அளவுடையவை. பழைய வகைப் பெரிய மிதிவண்டியின் சக்கரம் 28 அங்குலம். 16 அங்குலச் சக்கரம் ஒருமுறை சுழன்றால் வண்டி ஏறத்தாழ 1.3 மீட்டர் நகரும். 28 அங்குலச் சக்கரம் சுழன்றால் ஏறத்தாழ 2.2 மீட்டர் நகரும். ஆகவே ஒரு கிலோமீட்டரைக் கடக்கச் சிறியது ஏறத்தாழ 770 முறையும், பெரியது ஏறத்தாழ 450 முறையும் சுழல வேண்டும்.

அவ்வாறாயின் சிறிய சக்கரம் மெதுவாகத்தான் செல்லுமா? அன்று. மிதிகட்டையை அடுத்துள்ள பல்சக்கரத்தைப் பெரிதாகவும் பின் பல்சக்கரத்தைச் சிறிதாகவும் அமைத்து அக்குறையை ஈடுசெய்கின்றனர். எடை குறைந்த சிறிய சக்கரம் விரைவில் வேகம் பெறும், எளிதில் திரும்பும்.

உண்மையான இடர் குழிகளில் உள்ளது. பெரிய சக்கரம் எளிதில் கடக்கும் குழியில் சிறிய சக்கரம் ஆழ இறங்கி அதிரும். இங்கே டயர் துணைசெய்கிறது. ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரை உருவாக்கி, 1888இல் காப்புரிமை பெற்றார். 1962இல் இங்கிலாந்தின் அலெக்ஸ் மௌல்டன், காற்றழுத்தம் மிகுந்த டயரையும் அதிர்வு தாங்கும் ரப்பர் அமைப்பையும் இணைத்துச் சிறு சக்கர மிதிவண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கரடுமுரடான சாலைக்கு அகன்ற டயர் ஏற்றது. அதில் காற்றழுத்தத்தைச் சற்றுக் குறைத்து வைக்கலாம்.

நெடிய இறக்கத்தில் மற்றொரு கவனமும் தேவை. விளிம்பைப் பற்றும் பிரேக்கை இடைவிடாது பிடித்தால் சிறிய விளிம்பு விரைவில் சூடேறும். மிகுந்த சூட்டில் டியூப் வெடிக்கவும் கூடும். எனவே முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, இடையிடையே நின்று விளிம்பை ஆறவிடுதல் வேண்டும். எடுத்துச் செல்லும் வசதியை மட்டுமன்றி, செல்லும் பாதையையும் எண்ணியே மிதிவண்டியைத் தேர்ந்தெடுத்தல் அறிவுடைமையாகும்.

சொற்பொருள்
ஈடுசெய்தல் – குறையை நிரப்புதல்
இடர் – துன்பம்
நெடிய – நீண்ட

பயிற்சி
1. சிறிய சக்கரத்தின் வேகக் குறை எவ்வாறு ஈடுசெய்யப்படுகிறது?
2. இறக்கத்தில் இடையிடையே நிற்பது ஏன்?
3. பிரித்து எழுதுக: மலைப்பாதை, காற்றழுத்தம்.
4. உம் வீட்டிலிருந்து பள்ளி வரையுள்ள சாலைக்கு எவ்வகைச் சக்கரம் ஏற்றது? காரணத்துடன் ஐந்து வரிகளில் எழுதுக.