கப்பலும் கடலும் முத்தும்

கொழிஞ்சாம்பாறையைச் சூழ்ந்த சித்தூர் வட்டத்தின் ஆற்றுநீர் பாரதப்புழையில் கலந்து, மேற்கே பொன்னானியில் கடலை அடைகிறது. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் அவ்வெல்லைப் பகுதியின் நீர் சென்று சேரும் அந்தத் துறைமுக ஊரில், ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அரபுமொழியில் ஒரு சிறிய செய்யுள் நூல் எழுந்தது. இஸ்லாமிய உலகம் நெடுங்காலம் விவாதித்து வந்த ஒரு கேள்விக்கு அது விடை கூறியது.

இறைவனைப் பற்றி அறிவது போதுமா, அவனையே அனுபவித்து அறிய வேண்டுமா என்பதே அக்கேள்வி. 'கலாம்' எனப்படும் இறையியல், இறைவன் ஒருவனே, ஒப்பற்றவன், படைப்புக்கு அப்பாற்பட்டவன் என்பதைத் தர்க்கத்தால் நிலைநாட்டியது. சூஃபிகளோ உள்ளத்தைத் தூய்மை செய்து அவனது அண்மையைச் சுவைக்க விழைந்தனர். இவ்விரண்டும் இயல்பில் பகையானவை அல்ல. ஆயினும், 'நானே மெய்ப்பொருள்' என்று கூறியதாக அறியப்படும் மன்சூர் ஹல்லாஜ் 922ஆம் ஆண்டு பாக்தாதில் கொல்லப்பட்டார். அத்தண்டனையில் அரசியலுக்கும் பங்கு உண்டு. எனினும், அனுபவம் நெறியை மீறிவிடுமோ என்ற அச்சம் அறிஞர்களிடையே வேரூன்றியது.

அவ்வச்சத்தைத் தணித்தவர்களில் தலைசிறந்தவர் இமாம் கஸ்ஸாலி (1058-1111). பாக்தாத் நிஜாமிய்யாக் கல்விக்கூடத்தின் புகழ்பெற்ற ஆசிரியர் அவர். வாதத்தில் அவரை வெல்வது அரிது. 1095இல் ஒருநாள் அவரது நாவே எழவில்லை. பாடம் சொல்ல இயலவில்லை, உணவும் செல்லவில்லை. தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, புகழுக்காகவா என்ற ஐயம் ஆறு மாதம் அவரை வாட்டியது. பின்னர்ப் பதவியைத் துறந்து நாடோடியாகச் சென்றார். உடல்நலத்தின் இலக்கணத்தை அறிவது வேறு, நலமாக இருப்பது வேறு என்று உணர்ந்தார். அதற்காக அவர் இறையியலைத் தள்ளிவிடவில்லை. அது நம்பிக்கையைக் காக்கும் வேலி. வேலியே விளைச்சலாகிவிடாது என்பது அவர் நிலை. இந்தத் தெளிவுக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று.

பொன்னானிக்கு வருவோம். அங்குப் பெரும்பள்ளியைக் கல்வி நிலையமாக்கிய ஷெய்கு ஸைனுத்தீன் மக்தூம், மார்க்கச் சட்ட அறிஞர், சூஃபியும்கூட. சோழமண்டலக் கரையிலிருந்து கொச்சிக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தில் தோன்றியவர் என்பர். கல்வி முடித்த மாணவர் பள்ளியின் விளக்கைச் சுற்றி அமரும் வழக்கம் பொன்னானிக்கே பெருமை தந்தது. அவர் இயற்றிய 'ஹிதாயத்துல் அத்கியா' என்னும் நூலில் ஷரீஅத் கப்பலாகவும், தரீக்கத் கடலாகவும், ஹக்கீகத் முத்தாகவும் உருவகிக்கப்படுகின்றன. முத்தை விரும்புபவன் முதலில் கப்பலேற வேண்டும். கப்பலின் பலகைகளை எண்ணியபடியே கரையில் நிற்பவனுக்கு முத்து இல்லை. கப்பலின்றிக் கடலில் குதிப்பவனுக்கோ கரையும் இல்லை. ஜாவாவில் பிறந்த நவவி அல்பன்தானியும் பிற்காலத்தில் இந்நூலுக்கு உரை எழுதினார்.

இதே கருத்து தமிழிலும் பாட்டாக மலர்ந்தது. தென்காசியில் பிறந்த பீர்முகம்மது அப்பா தவமிருந்ததால்தான் இடுக்கி மலையிலுள்ள பீர்மேடு அப்பெயர் பெற்றது என்பது மரபு. பின்னர் அவர் தக்கலையில் தறி நெய்து வாழ்ந்தார். அவரது 'ஞானப்புகழ்ச்சி' ஆண்டுதோறும் நினைவு விழாவில் அங்கு இரவு முழுவதும் பாடப்படுகிறது.