யோனதாபின் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும்

பெற்றோருக்கு ஒரு பாடம்
வாசிக்கவேண்டிய வேதபகுதிகள்: எரேமியா 35, லூக்கா 15:11–32



 உங்கள் ஜெபங்களாலும் காணிக்கைகளாலும் இம்மருத்துவமனையின் ஊழியம் தடையின்றி நடந்துவருகிறது. அதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். பல சபைகளிலிருந்து பெற்றோர் எங்களிடம் இரகசியமாய்க் கேட்டுவரும் ஒரு காரியத்தை இம்முறை பாடமாக எழுதுகிறோம். குடும்பமாக உட்கார்ந்து வாசியுங்கள். பெண்கள் ஐக்கியத்திலும் வாலிபர் கூட்டத்திலும் இதைப் பயன்படுத்தலாம்.

ஒரு சனிக்கிழமை இரவு

நல்லூர்ப் பகுதியில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். பனியன் கம்பெனிகளில் வாரக் கூலி கைக்கு வரும். அன்றிரவு எங்கள் அவசரப் பிரிவிலும் கூட்டம் அதிகமாக இருக்கும். அப்படி ஓர் இரவில் 16 வயதுப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலையில் காயம், உடையெல்லாம் வாந்தி, சுயநினைவு இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, செக்கிங் வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. சபைக் குடும்பத்துப் பிள்ளை. அக்குடும்பத்தாரின் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றி இதை எழுதுகிறோம்.

"என் பையன் அப்படிப்பட்டவன் இல்லீங்க ஐயா, யாரோ ஏமாத்திக் குடுத்திருக்காங்க" என்றார் தகப்பனார். தாயார் அழவில்லை. "நாங்க ரெண்டு பேருமே ஒன்றரை ஷிப்ட் போறோமுங்க ஐயா. அவன் தூங்கறதத்தான் பார்க்கறோம். முழிச்சிருக்கறப்ப பார்த்து ரொம்ப நாளாச்சுங்க" என்றார்.

மறுநாள் காலையில் அவன் படுக்கையருகே நின்று, பாவத்தைப் பற்றியும் நியாயத்தீர்ப்பைப் பற்றியும் அரைமணி நேரம் பேசினோம். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அது எங்கள் தவறு என்று இன்று ஒப்புக்கொள்கிறோம். பேசினது சரியானதாயிருந்தாலும் பேசின நேரம் சரியல்ல. அவனை ஒரு வார்த்தையும் பேச விடவுமில்லை. வீட்டிற்குப் போகும் நாளில் வார்டு நர்ஸ் சகோதரியிடம் மாத்திரம் அவன் மனம் திறந்தான்: "நாலாப்பு படிக்கறப்ப இருந்து எங்கப்பாவுக்குச் சோடாவும் ஊறுகாயும் வாங்கியாந்தது நான்தாங்க்கா. இப்ப எனக்கு மட்டும் எதுக்குப் புத்தி சொல்றாங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடினபோதுதான் எரேமியா 35-ஆம் அதிகாரம் எங்களுக்குப் புதிதாய்த் திறந்தது.

ரேகாபியர் தரும் பாடம்

எரேமியா தீர்க்கதரிசி ரேகாபியரைக் கர்த்தருடைய ஆலயத்தின் ஓர் அறைக்கு அழைத்துவந்து, திராட்சரசம் நிறைந்த குடங்களையும் கிண்ணங்களையும் அவர்கள் முன் வைத்துக் குடிக்கச் சொல்கிறார். இடம் பரிசுத்தமானது, கொடுப்பவர் தீர்க்கதரிசி, பார்த்துத் தடுக்கத் தகப்பன் அருகில் இல்லை. ஆனாலும் அவர்கள் மறுத்துவிட்டார்கள். தங்கள் தகப்பனாகிய யோனதாப் வேண்டாமென்று சொல்லியிருக்கிறார் என்பதே அவர்கள் சொன்ன காரணம். அந்த யோனதாப் யெகூ ராஜாவின் காலத்தவர். ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு தகப்பனுடைய வார்த்தை அந்தக் குடும்பத்தைக் காத்துவந்தது!

இதில் மூன்று காரியங்களைக் கவனிப்போம்.

முதலாவது, யோனதாப் ஒரு தடையை மாத்திரம் விட்டுப்போகவில்லை. கூடாரத்தில் வாழ்வது, எளிமையாய் இருப்பது என்று ஒரு முழு வாழ்க்கை முறையையே கொடுத்தார். "குடிக்காதே" என்ற ஒற்றைச் சொல் தனியாக நிற்காது. அதைச் சுற்றிலும் ஒரு குடும்ப வாழ்க்கை இருக்கவேண்டும்.

இரண்டாவது, சோதனை வருமுன்பே அவர்கள் கையில் பதில் ஆயத்தமாயிருந்தது. கிண்ணம் முன்னால் வந்தபிறகு அவர்கள் யோசிக்கத் தொடங்கவில்லை.

மூன்றாவது, சொன்னவர் தாமே அப்படி வாழாதிருந்தால் அந்த வார்த்தை பேரப்பிள்ளைகள் வரைக்கும் நின்றிருக்குமா? சோடா வாங்க மகனை அனுப்புகிற தகப்பனும் ஒரு பாடம் நடத்துகிறார். அந்தப் பாடத்தையும் பிள்ளை மறப்பதில்லை.

இளவயதில் ஆபத்து ஏன் அதிகம்?

மனித மூளை ஏறக்குறைய 25 வயது வரையிலும் வளர்ந்து முதிர்ச்சியடைகிறது. "போதும், நிறுத்து" என்று நம்மைக் கட்டுப்படுத்தும் முன்பகுதி கடைசியாக முதிர்கிறது. ஆகவே வளரும் பிள்ளையைப் போதை பெரியவர்களைவிட விரைவாய்ப் பிடித்துக்கொள்கிறது. 1990-களில் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் பிற்காலத்தில் குடிக்கு அடிமையானதாகக் கண்டார்கள். 20 வயதுக்குப் பின் தொடங்கியவர்களில் அது சுமார் 10 விழுக்காடுதான். "இந்த வயசுல எல்லாரும் ஒருதரம் குடிச்சுப் பார்ப்பாங்க" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளும் பெற்றோர் இதை நினைவில் வைக்கவேண்டும்.

மதுபானம் மாத்திரமல்ல. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வில், முகர்ந்து போதையேற்றும் பொருட்கள் பெரியவர்களைவிடச் சிறுவரிடையே அதிகமாய்ப் பரவியிருப்பது தெரியவந்தது. பெரியவர்களில் 0.58 விழுக்காடு, 10 முதல் 17 வயதுள்ளவர்களில் 1.17 விழுக்காடு. பஞ்சர் ஒட்டும் சொலூஷன், தின்னர் போன்றவை கடையிலும் பட்டறையிலும் சாதாரணமாய்க் கிடைப்பவை. ஆகவே யாரும் சந்தேகிப்பதில்லை. மேலும், உதட்டுக்கடியில் வைத்துக்கொள்ளும் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம் பள்ளிப் பிள்ளைகளிடம் பரவியிருப்பதைக் குறித்து 2024-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கவலை தெரிவித்தது. கஞ்சாவும், மருத்துவர் சீட்டின்றி விற்கப்படும் வலி நிவாரண மாத்திரைகளும் இதோடு சேருகின்றன.

அடையாளங்கள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்றை மாத்திரம் கண்டு பிள்ளையைக் குற்றவாளியாக்கவேண்டாம். கோபமும் தனிமையும் அந்த வயதுக்கு இயல்பானவையே. ஆனால் மூன்று நான்கு அடையாளங்கள் சேர்ந்து, திடீரென்று தோன்றினால் விழித்துக்கொள்ளுங்கள்.

1. சரீரத்தில்: கண் சிவப்பு, கைநடுக்கம், திடீர் மெலிவு, ஈறிலும் உதட்டின் உட்புறத்திலும் வெண்திட்டு அல்லது புண். கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுத்தல்.

2. வாசனையில்: உடையில் சொலூஷன் அல்லது புகை நாற்றம். அதை மறைக்க எந்நேரமும் பாக்கும் மிட்டாயும் சென்டும்.

3. பணத்தில்: சம்பளக் கவர் பிரிந்து வருதல், கணக்குச் சொல்ல மறுத்தல், வீட்டில் சில்லறையும் சிறு நகையும் காணாமற்போதல், கம்பெனியில் அடிக்கடி முன்பணம் வாங்குதல்.

4. நட்பில்: பழைய நண்பர்கள் வராமற்போய், பெயர் சொல்லத் தயங்கும் புதிய நண்பர்கள் வருதல்.

5. நடத்தையில்: ஞாயிறு முழுவதும் தூக்கம், ஆராதனைக்கு வராமை, படிப்பிலும் வேலையிலும் திடீர் சரிவு, பூட்டிய அறை.

6. பையிலும் குப்பையிலும்: சிறு புகையிலைப் பொட்டலங்கள், காலி மாத்திரை அட்டைகள், ஊசிகள்.

தெரியவந்தால் என்ன செய்வது?

போதையில் இருக்கும்போது பேசாதீர்கள், அடிக்காதீர்கள். சுயநினைவு இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். இல்லையேல் வாந்தி மூச்சுக்குழலில் போய் உயிருக்கே ஆபத்தாகும். மோர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றாதீர்கள். எழுப்பினாலும் எழும்பாவிட்டால், மூச்சு மெதுவானால், உடனே 108-ஐ அழையுங்கள்.

தெளிந்தபின், தகப்பனும் தாயும் ஒருமனப்பட்டு, தம்பி தங்கைகள் முன்பாக அல்ல, தனியே பேசுங்கள். கண்டதை மாத்திரம் சொல்லுங்கள்: "கண்ணு, உன் பையிலே இதைப் பார்த்தோம். எங்களுக்குப் பயமா இருக்குது. என்ன நடந்துச்சுன்னு சொல்லு." பிறகு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். எங்களுக்கும் இதுவே கடினமான பாடமாயிருந்தது.

பிறகு மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். நாள்தோறும் அதிகமாய்க் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம். அதை மருத்துவ மேற்பார்வையில்தான் நிறுத்தவேண்டும். சோற்றிலும் குழம்பிலும் தெரியாமல் கலந்து கொடுக்கும் "குடி மறக்கும் பொடி"களை நம்பாதீர்கள். அவற்றில் என்ன இருக்கிறதென்று தெரியாது. குடியை நிறுத்த மருத்துவர் தரும் மாத்திரையைக்கூட நோயாளிக்குத் தெரியாமல் கொடுத்து, அவர் அதன்மேல் குடித்துவிட்டால் உயிருக்கு ஆபத்து நேரலாம்.

போலீசுக்குப் பயந்து மறைத்து வைக்கவும் வேண்டாம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமே, சிறிய அளவில் பயன்படுத்திப் பிடிபட்டவர் தாமாகச் சிகிச்சைக்கு முன்வந்து அதை முடித்தால் வழக்கிலிருந்து பாதுகாப்புக் கிடைக்க வழி வைத்திருக்கிறது. ஆனால் பிள்ளைக்குக் கொடுத்தவருக்குத் தப்பில்லை. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, மருத்துவர் உத்தரவின்றி ஒரு சிறுவருக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நம் மாநிலத்தில் 21 வயதுக்குட்பட்டவருக்கு மது விற்கவே கூடாது. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, பிள்ளைகளின் உதவிக்கு 1098 ஆகிய இலவச எண்களை வீட்டில் எழுதி வையுங்கள்.

வருமுன் காப்போம்

முதலில், வீட்டில் மது வேண்டாம். விருந்துக்கும் வேண்டாம், வலிக்கும் வேண்டாம். பிள்ளையைக் கடைக்கு அனுப்பவே வேண்டாம்.

நாளொன்றுக்கு ஒருவேளை உணவையாவது சேர்ந்து உண்ணுங்கள். ஷிப்ட் முடிந்து களைத்து வருகிறீர்கள் என்பதை அறிவோம். இருவரும் ஒன்றரை ஷிப்ட் போகவேண்டிய நெருக்கமும் தெரியும். என்றாலும் வாரத்தில் இரண்டு நாளாவது ஒருவர் மாற்றி ஒருவர் சீக்கிரம் வர வழியுண்டா என்று பாருங்கள். அந்த அரை ஷிப்ட் கூலியைவிடப் பிள்ளை விலையேறப்பெற்றது.

வேலைக்குப் போகும் பிள்ளையின் சம்பளத்தைப் பறிக்காமலும், கேள்வியின்றி விடாமலும், அவன் பெயரிலேயே சேமிக்கப் பழக்குங்கள். கூடுமானால் படிப்பைத் தொடரச் செய்யுங்கள். சனிக்கிழமை மாலையில் அவன் எங்கே, யாரோடு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். நண்பர்கள் வற்புறுத்தினால் என்ன பதில் சொல்வதென்று முன்கூட்டியே வீட்டில் பேசிப் பழகுங்கள். ரேகாபியரின் பதில் அப்படித்தான் ஆயத்தமாயிருந்தது.

சபைக்கு ஒரு வார்த்தை

எங்களிடம் வரும் விசுவாசக் குடும்பங்கள் பெரும்பாலும் மிகத் தாமதமாகவே வருகிறார்கள். நோயைவிட "சபையில் தெரிந்துவிடுமே" என்ற பயமே அவர்களுக்குப் பெரிது. லூக்கா 15-இல் தகப்பன் தூரத்திலேயே மகனைக் கண்டு ஓடுகிறார். மூத்தவனோ வெளியே நின்று கணக்குப் பார்க்கிறான். நம் சபைகள் எந்த இடத்தில் நிற்கின்றன?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் 1950-களிலேயே, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்குபெறும் முறையைத் தொடங்கிற்று. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார், கணவரைக் குடியினால் இழந்தபின், 1980-இல் டி.டி.கே. மருத்துவமனை என்று அறியப்படும் மீட்பு நிலையத்தை ஏற்படுத்தினார். அங்கும் குடும்பத்தாருக்குத் தனிப் பயிற்சி உண்டு. ஒருவனுடைய போதை வீடு முழுவதையும் நோயாக்குகிறது. ஆகவே வீடு முழுவதும் குணமாகவேண்டும்.

அந்தப் பையனின் தகப்பனார் இரண்டு வாரம் கழித்து வந்து, "இவனை எப்படியாவது சரி பண்ணிக் குடுங்க ஐயா" என்றார். "முதலில் நீங்கள் வாருங்கள்" என்றோம். கோபத்தோடு எழுந்து போய்விட்டார். பத்தாம் நாள் திரும்பி வந்தார். தாமே குடியை விட ஒப்புக்கொடுத்தார். மகனிடம் மன்னிப்புக் கேட்டபோது நாங்கள் உடனிருந்தோம். பையன் அதன்பின் இருமுறை விழுந்தான். இருமுறையும் தகப்பனே அழைத்து வந்தார். இந்த வரிகளை எழுதும்போது அவன் ஐந்து மாதமாய்த் தொடவில்லை. ஆறாவது மாதத்தைக் குறித்து எங்களால் வாக்குக்கொடுக்க முடியாது. ஆனால் சனிக்கிழமை மாலைகளில் அந்த வீட்டில் மூவரும் ஒன்றாய்ச் சாப்பிடுகிறார்கள் என்பதை அறிந்திருக்கிறோம். அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

கலந்துரையாடக் கேள்விகள்

1. ரேகாபியர் மறுத்ததற்கு அவர்கள் சொன்ன காரணம் என்ன? நம் பிள்ளைகள் எந்தக் காரணத்தைச் சொல்வார்கள்?
2. பிள்ளைகள் நம் வாயிலிருந்து கேட்பதும் நம் வீட்டில் காண்பதும் ஒத்திருக்கின்றனவா?
3. ஒரு குடும்பம் இந்தப் பாரத்தோடு நம் சபைக்கு வந்தால், முதல் வார்த்தையாக நாம் என்ன சொல்வோம்?

ஜெபக் குறிப்புகள்

பனியன் கம்பெனிகளில் உழைக்கும் வாலிபப் பிள்ளைகளுக்காகவும், சொந்த ஊரைவிட்டு வந்து தனியே அறையெடுத்துத் தங்கியிருப்பவர்களுக்காகவும் ஜெபியுங்கள். சிகிச்சைக்குப் பின் விழுந்துபோனவர்கள் வெட்கப்படாமல் திரும்பி வரும்படி ஜெபியுங்கள். சனிக்கிழமை இரவுகளில் அவசரப் பிரிவில் பணிசெய்யும் மருத்துவர்களையும் நர்ஸ் சகோதரிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். 

கிறிஸ்துவின் பணியில் உங்கள் அன்புள்ள,
மருத்துவமனைப் போதகரும் ஆலோசனை ஊழியரும்,
நல்லூர்